பொன்னானிக் கடிதம்

பொன்னானியிலிருந்து பதில் வந்துவிட்டது. அதை எந்தப் பக்கமிருந்து படிப்பது என்றுதான் சென்னியப்பனுக்குத் தெரியவில்லை.

நல்லூரில் நாலு மிஷின் வைத்து பனியன் போடுகிறவர் அவர். பொன்னானிக் கடைக்காரர் பீரான் கோயாவுக்கு முதல் மூட்டையை லாரி ஏற்றிய பிறகுதான், நல்ல நூலுக்குப் பதில் மட்ட நூல் மாறிப்போனது தெரிந்தது. நாலு சலவைக்குத் தாங்காது. நேரில் வந்து, நம்பிக் கைகொடுத்துப் போன மனிதர்! வெட்கம் தாங்காமல் சென்னியப்பன் மூன்று பக்கம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். மன்னித்தாரா, முறித்துக்கொண்டாரா? விடை கையில் இருந்தது, சோறுதான் இறங்கவில்லை.

எழுத்து அரபி மாதிரி தெரிந்ததால் பள்ளிவாசலுக்கு ஓடினார். அங்கே தொழுகை நடத்தும் அஜரத்து கணீரென்று வாசித்து முடித்தார்.

"என்னங்க சொல்றாரு?"

"தெரியலீங்க. எழுத்துத்தான் அரபி. பேச்சு மலையாளமாட்ட இருக்குதுங்க."

டீக்கடை ராமன் நாயர் கடிதத்தைத் தலைகீழாகவும் பார்த்தார். "மலையாளம் நமக்குத் தெரியும். இந்த எழுத்து தெரியாதே!"

வேறு வழியில்லை. அஜரத்தையே டீக்கடைக்கு அழைத்து வந்தார். அவர் வாசிக்க, நாயர் கேட்டுச் சொல்ல வேண்டும். அஜரத்து ஆரம்பித்ததுமே, ஏதோ ஓதுகிறார் என்று டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் தோள்துண்டை இடுப்புக்கு இறக்கி எழுந்து நின்றுவிட்டார்கள். பக்கத்து பனியன் கம்பெனி குமாரவேலும் அதில் ஒருவர்.

"இது எங்க பக்கத்து முஸ்லிம் மாப்ளாமார் பேச்சு. நடு நடுவே அரபி வருது," நாயர் தலையைச் சொறிந்தார். "நீங்க என்ன எழுதினீங்கன்னு சொன்னா பிடி கிடைக்கும்."

சென்னியப்பன் குமாரவேலைப் பார்த்தார். இன்று சொன்னால் நாளைக்கு மங்கலம் ஊர் வரை தெரிந்துவிடும்.

"மட்ட நூலுங்க. தெரியாம போட்டுட்டேனுங்க. மன்னிக்கோணும்னு எழுதினேன்."

குமாரவேல் சிரிக்கக்கூட மறந்துபோனார். சொன்னதில் சென்னியப்பனுக்கு மனசு கொஞ்சம் லேசானது என்னவோ நிஜம்.

அஜரத்து மறுபடி வாசித்தார். 'கல்பு' என்ற இடத்தில் நாயர் கையைத் தூக்கினார்.

"மனசுங்க," என்றார் அஜரத்து.

நாயர் கடைசிவரை கேட்டுவிட்டு, சென்னியப்பனைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"'மூணு பக்கக் கடுதாசி கிடைச்சது. இங்கே தமிழ் வாசிக்க ஆளில்லை. உங்க வீட்ல யாருக்கு என்ன ஆச்சோன்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. எல்லாரும் சுகம்னு தெரியற வரைக்கும் உங்க மூட்டையைப் பிரிக்கக் கை வரலை'ன்னு எழுதியிருக்காருங்க."