உயிருள்ள கீபோர்டும் செத்த கொம்பியூட்டரும்

யுத்த காலத்தில் கண்டியில் எதற்குத்தான் தட்டுப்பாடு இல்லை? சாமியார்களுக்கு மட்டும்தான்! கட்டுகஸ்தோட்டையில் திடீரென்று உதித்தார் நாதசித்தர் வரதராசா. அவர் வாசலில் சனம் அலைமோதியது. வந்தவர்கள் எல்லோரும் கலியாண வீடுகளில் வாசிக்கும் இசைக்குழுக்காரர்கள்.

சித்தரின் ஞானம் இதுதான்: கொம்பியூட்டரில் சொப்ட்வெயார் போட்டு எழுப்பும் வயலினும் குழலும் செத்த வித்துவான்களின் பேய்ச் சத்தம். அதை வைத்திருப்பவனுக்குக் கலியாண ஓடர் வராது. மெய்தானே! வீதிக்கு வீதி சோதனைச் சாவடி, எங்கு பார்த்தாலும் குண்டுப் பயம். மாப்பிள்ளையே மண்டபம் வந்து சேர முடியாத காலத்தில், பேயைத் தவிர வேறு யாரைக் குற்றம் சொல்வது?

பரிகாரம்? கொம்பியூட்டரைச் சாந்திக்காகச் சித்தரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் உயிரேற்றிய கீபோர்டை அவரிடமே வாங்க வேண்டும். ஒப்படைத்த பெட்டி எதுவும் திரும்பி வந்ததில்லை. முக்தி அடைந்துவிட்டதாம்!

இதை நம்பியவர்களில் ஒருவரான கிறகரி சித்தரை வீட்டுக்கே அழைத்து வந்தார். அவர் மனைவி பெற்றீசியா கொம்பியூட்டரில் பாட்டுக்கு இசை சேர்த்துக் கொடுப்பதால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. வாத்தியக்காரர்கள் வெளியே வரப் பயந்து ஒதுங்கிய பிறகு அந்தப் பெட்டிதான் அவளுடைய குழு. அது போனால் பிழைப்பும் போச்சு.

அக்கம்பக்கம் திரண்டது. சித்தர் நூலில் கட்டிய எலுமிச்சையை, அந்தத் தேசிக்காயை, மேசையில் இருந்த பெற்றீசியாவின் கீபோர்டுக்கு மேலே பிடித்தார். பெற்றீசியா வாசித்தாள். ஸ்பீக்கரில் புல்லாங்குழல் எழுந்தது. தேசிக்காய் கிறுகிறுவென்று சுற்றியது.

"பாருங்கோ! நாதத்திலை உயிர் துடிக்குது!"

மேசைக்குக் கீழே இருந்த கொம்பியூட்டருக்கு மேல் பிடித்தார். தேசிக்காய் அசையவில்லை.

"பிணம்! இண்டைக்கே வெளியாலை அனுப்புங்கோ."

"கேட்டியா? நான் சொன்னா நம்ப மாட்ட. வயரக் கழட்டு" என்று அதட்டினார் கிறகரி.

"கழட்டிட்டாப் போச்சு" என்ற பெற்றீசியா, கீபோர்டையும் கொம்பியூட்டரையும் இணைத்த வயரை மட்டும் உருவினாள். "இப்ப நீங்களே வாசிங்க சாமி."

சித்தர் அமுக்கினார். டொக், டொக். பத்து விரலாலும் அமுக்கினார். அதே டொக்.

"இந்தக் கீபோர்டுக்குள்ள சத்தமே கிடையாதுங்க. எதை அமுக்குறோம்னு சொல்லத்தான் தெரியும். நீங்க கேட்ட புல்லாங்குழல் அந்தப் பிணத்துக்குள்ள இருந்துதான் வந்திச்சு!"

சித்தர் வயரைக் காட்டினார். "அது... உயிர் வயராலை கீழை இறங்கிட்டுது."

கிறகரிக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. "அப்படின்னா பெட்டி மேல பிடிங்க சாமி, சுத்தணுமே!"

பிடித்தார். அதற்குள் பெற்றீசியா பெட்டியின் சுவிச்சை அணைத்துவிட்டதைக்கூடக் கவனிக்காமல் பிடித்தார். தேசிக்காய் முன்னதைவிட ஜோராகச் சுற்றியது! கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"செத்தது எப்ப சாமி பிழைச்சிச்சு?"

"அடேய், எங்கட பெட்டியெல்லாம் எங்க?"

சித்தர் தேசிக்காயைப் போட்டுவிட்டு ஓடினார். மாத்தளை பஸ்ஸில் தொங்கியபடி அவரும் முக்தி அடைந்தார். கிறகரி மேசைக்குக் கீழே குனிந்து, தன் கையாலேயே வயரைச் செருகினார்.

சொன்னதை மட்டும் செய்வதற்குக் கொம்பியூட்டர் இருக்கிறது, ஐயாமாரே. உங்களுக்கு இருப்பது தலை. அதையும் சாந்திக்குக் கொடுத்துவிடாமல் கொஞ்சம் யோசியுங்கள்!