சித்தூரிலிருந்து திருப்பதிக்குத் தலை இல்லாமல்

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. முப்பத்தெட்டு வயதில் இதை ஒப்புக்கொள்வது சுலபமில்லை. நீச்சல் தெரியாது என்றால் "அப்படியா" என்று விட்டுவிடுவார்கள். சைக்கிள் தெரியாது என்றால் உடனே நம் கால்களைப் பார்ப்பார்கள்.

காரணம் என் அப்பா, எங்கள் நைனா. புத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவருக்கு டீக்கடை. எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக்கொள்ள எங்கெங்கிருந்தோ எங்கள் ஊருக்கு வருவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் குடிப்பது நைனாவின் டீ. "எப்டி ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டே டம்ளரை நீட்டுவார். "சைக்கிள்லருந்து வுழுந்துட்டேன்" என்று யாராவது சொல்லிவிட்டால், அன்று சாயங்காலம் வீட்டில் எனக்கு உபதேசம். (மாமரத்திலிருந்து விழுந்தவர்களும் நிறைய வந்தார்கள். மரம் ஏறக்கூடாது என்று மட்டும் அவர் சொன்னதே இல்லை.)

"சைக்கிள் மட்டும் வாணாம்மா. வேற இன்னா வோணும்னாலும் கேளு" என்பார். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் என் தோழிகளின் பைகளை அவர்கள் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொடுப்பது என் வேலை. கட்டி முடித்ததும் மணியடித்துக்கொண்டு போய்விடுவார்கள். தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு நான் நடப்பேன்.

நான்கு வருடங்களுக்கு முன், திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. எங்களுக்கு நோயாளிகளை அனுப்பும் டாக்டர் பத்மஜா, டயாலிசிஸ் செய்துகொள்ள வசதியில்லாதவர்களுக்காக நிதி திரட்ட, சித்தூரிலிருந்து திருப்பதி வரை ஒரு சைக்கிள் பயணம் ஏற்பாடு செய்தார். ஒருநாள் எங்கள் இடத்துக்கே வந்து, "யார் யார் ஓட்டறீங்க?" என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. என் கையும் தானாகவே உயர்ந்துவிட்டது.

"சாந்தி, நீயுமா?" என்றார் டாக்டர், சந்தோஷமாக.

பாதியில் நின்ற கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. "நான் போட்டோ எடுக்கறேன் மேடம்" என்றேன்.

வீட்டுக்காரர் சீனுவிடம் சொன்னேன். "உனுக்கு கேமரா புடிக்கத் தெரியுமா?" என்றார்.

"சைக்கிள் ஓட்டறதவிட நல்லாத் தெரியும்" என்றேன். பொய் இல்லை.

நகரியில் கல்யாணப் படம் எடுக்கிற என் சித்தப்பா மகனிடம் கேமராவை இரவல் வாங்கினேன். கொடுக்கும்போது ஒரே ஒரு புத்திமதி சொன்னான்: "எடுத்த படத்த ஸ்கிரீன்ல பாத்துக்கினே இருக்காதக்கா, பேட்டரி பூடும். நம்பி எடுத்துக்கினே போ."

நம்பி எடுத்துக்கொண்டே போனேன்.

புறப்படும் முன் டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "முகம் கிளியரா வரணும் சாந்தி. பெட்ல நாலு மணி நேரம் படுத்துக் கிடக்கிறவங்களுக்கு இந்தப் படத்தைத்தான் காட்டப் போறேன். நமக்காக யாரு ஓட்டினாங்கன்னு அவங்க பாக்கணும்." நிச்சயமாக மேடம் என்றேன்.

காசி என்கிற தொண்டரின் பைக்கில், பின்பக்கம் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். (சைக்கிளே ஆபத்து என்று வளர்க்கப்பட்டவள், ஓடுகிற பைக்கில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். நைனா பார்த்திருந்தால் கடையைச் சாத்தியிருப்பார்.) எனக்கு எதிரே நாற்பது சைக்கிள்கள் வந்துகொண்டிருந்தன.

காணிப்பாக்கம் வளைவு தாண்டி வெயில் ஏறியது. சங்கிலிகள் ஒரே மாதிரி முனகின. மேட்டில் எல்லோரும் மெதுவானார்கள். கெண்டைக்கால்கள் இறுகித் தளர்ந்தன. இறக்கம் வந்ததும் மிதிப்பதை நிறுத்தினார்கள், ஆனாலும் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அந்த ஒன்றுதான் எனக்குச் சிறுவயதிலிருந்தே புரியாதது. மிதிக்காமல் போகும்போது எப்படி இருக்கும்? ஹரிதா என்று ஒரு கல்லூரிப் பெண், நகரிக்காரி, சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். நான் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"அக்கா, நல்லா வருதா?" என்று காசி முன்னாலிருந்து கத்தினார்.

"பிரமாதமா வருது" என்றேன்.

திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. எல்லோரும் மாலையோடு உட்கார்ந்திருக்க, காசி கேமராவின் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகித் திரையில் படங்களை ஓடவிட்டார்.

முதல் படத்தில் ஒரு பெடலும் ஒரு ஷூவும். இரண்டாவதில் சக்கரம். மூன்றாவதில் கைப்பிடியைப் பற்றிய இரண்டு கைகள். பிறகு முழங்கால்கள். பிறகு கழுத்துவரை வந்த ஓர் ஆள். பொறுமையாக நாற்பது படம் ஓடிய பிறகும் ஒரு மூக்குகூட வரவில்லை. கொடியசைத்துத் தொடங்கிவைத்த பெரிய அதிகாரி, பளபளக்கும் பெல்ட்டாக மட்டும் வந்துபோனார்.

டாக்டருக்குத் தமிழே மறந்துவிட்டது. "தலலு எக்கடம்மா?" என்றார். தலைகள் எங்கே அம்மா?

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவ்வளவு தூரமும் நான் ஒரு மனிதரைக்கூடப் பார்க்கவில்லை.

பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "அந்தக் காலு என்னுது மாதிரி கீது" என்றார். "உன்னுது அவ்ளோ கறுப்பில்ல, உக்காரு" என்று பதில் வந்தது. காசி மைக்கைக் கையால் பொத்தாமலேயே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "திருப்பதிக்கு வந்தா மொட்டதான் அடிப்பாங்க. எங்கக்கா தலயவே எடுத்துட்ச்சி." மண்டபமே சிரித்தது.

நான் மண்டபத்தின் பின்பக்கம் போய்ச் சுவரோரம் நின்றேன். அழுதேன் என்று சொல்ல மாட்டேன். (அழுதேன்.) டாக்டர் பின்னாலேயே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீ நல்லா சைக்கிள் ஓட்டுவியா சாந்தி?"

"எனக்கு ஓட்டவே தெரியாது மேடம்."

அவர் என் கால்களைப் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்க வந்த ஹரிதாவும் அதைக் கேட்டுவிட்டாள். போய்த் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏறுக்கா. நான் பின்னால புடிச்சிக்கினு கீறேன். நீ மெதிச்சிக்கினே போ."

முப்பத்து நான்கு வயதில், கழுத்தில் இரவல் கேமரா தொங்க, ஏறினேன். தாறுமாறாக வளைந்தது. மிதித்தேன். சமையல்கூடத்திலிருந்து வாழைமரம் கட்டிய வாசல்வரை இருக்கும், நாற்பதடி. கடைசியில் மிதிக்க மறந்து போனேன். ஆனாலும் வண்டி போனது.

என்னைக் கூட்டிப்போக வந்திருந்த சீனு, அதைத் தன் செல்போனில் ஒரு படம் எடுத்தார். ஒன்றே ஒன்று. அடுத்த நொடியில் நான் வாழைமரத்தின் மேல் இருந்தேன்.

டாக்டர் என் படங்களை டயாலிசிஸ் அறையில் அப்படியே காட்டினாராம். எந்தக் கால் யாருடையது என்று நோயாளிகள் பேசிப்பேசியே பொழுதைப் போக்கினார்களாம். அடுத்த வருடம் படம் எடுக்க வேறு ஆளை வைத்துக்கொண்டார். ஹரிதா வேலைக்காகப் பெங்களூர் போய்விட்டாள். பிறகு கற்றுக்கொண்டாயா என்று கேட்காதீர்கள். வேலை, வீடு, மகள் என்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருக்கின்றன.

சீனு எடுத்த படத்தில் என் முகம் மட்டும்தான் இருக்கிறது, கழுத்துக்கு மேல், மிகத் தெளிவாக. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அதைக் காட்டி, "அம்மா சைக்கிள் ஓட்டின போட்டோ" என்று என் மகள் ஆரம்பிப்பாள். "சைக்கிள் எங்கம்மா?" என்று வந்தவர்கள் கேட்டே ஆக வேண்டும். "இவ எடுத்ததுல தல வர்லன்னு டாக்டரம்மா கேட்டாங்க. நான் எடுத்ததுல ஒடம்பு வர்லன்னு இவ சண்ட போட்றா" என்று சீனு முடித்துவைப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர்கள் போன பிறகு அந்தப் படத்தை இன்னொரு தரம் எடுத்துப் பார்ப்பேன். அன்று காற்றே இல்லை. பக்கத்தில் தெரிகிற வாழையிலைகூட அசையாமல் நிற்கிறது. என் முடி மட்டும் பறந்துகொண்டிருக்கிறது.