பண்ருட்டி மாரிஸ்

சடையப்பனின் ஃபியட்டில் ஏறுகிறவர்கள் கதவை மெதுவாகச் சாத்த வேண்டும். வேகமாகச் சாத்தினால் மைன்ஸில் வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அது கதவின் சத்தம் இல்லை, சடையப்பனின் சத்தம்.

அந்த ஸ்டியரிங்கை வேறு யாரும் தொட்டதில்லை. மனைவி நாகம்மாள் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அது பீரோவில் புடவைக்கு அடியில் தூங்கியது.

"ஒரு நாள் குடுங்களேன், மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வந்துடறேன்."

"ஒரு வூட்டுக்கு ஒரு டிரைவர் போதும்!"

மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மனான அவருக்கு ஓர் ஆசை. சல்லிசாக இன்னொரு பழைய கார் வாங்கி, தன் கையாலேயே பிரித்து மாட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். பண்ருட்டியில் பழைய வண்டி விற்கும் நைனா முகமதுவிடம் புருஷனும் மனைவியும் போனார்கள்.

"இது நல்லா ஓடுது சார். அதுல கொஞ்சம் வேலை இருக்கு. பலா மரத்தடியில கெடக்குதே மாரிஸ் காரு, அது மட்டும் வேணாம்."

"ஓடுற வண்டிய வாங்கி நான் எதைய்யா ரிப்பேர் பண்றது?"

"ஓடுறதையே வாங்குங்க, நான் ஓட்டிக்கறேன்" என்றாள் நாகம்மாள்.

அவ்வளவுதான். சுர்ரென்று ஏறிவிட்டது அவருக்கு. வீம்புக்கே மாரிஸை வாங்கி, லாரியில் கட்டி இழுத்து வந்தார்.

நாலு மாதம் ஷிஃப்டு முடிந்தால் காருக்கடியில்தான். நட்டு கழலாவிட்டால் ஸ்பேனரைத் திட்டினார். கழன்றால் நட்டைத் திட்டினார். ஒரு வழியாக எஞ்சின் உறுமியது.

"நாகம்மா! இனிமே ஷிஃப்டுக்கு இதுலதான் போவேன். ஒர்க்‌ஷாப்பே வாயப் பொளக்கணும்!"

"மைன்ஸ் கேட்டுல வண்டிக்குப் பாஸ் கேப்பாங்களே?"

"ஃபாரம் வாங்கிக்கினு வா!"

நாகம்மாள் வாங்கி, எழுதி, நீட்டினாள். காருக்கடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது.

"படிச்சிப் பாத்துட்டுப் போடுங்க."

"படிக்கவா நேரம் இருக்கு? எங்க போடணும், அத சொல்லு!" கிரீஸ் கறையோடு கையெழுத்து விழுந்தது.

பாஸ் வந்தது. மாரிஸ் ஜம்மென்று மைன்ஸுக்குள் போனது. ஒர்க்‌ஷாப்பே வாயைப் பிளந்தது. திரும்பும்போது மாரிஸ் கிளம்பவில்லை. அதே ஒர்க்‌ஷாப் சிரித்துக்கொண்டே கேட் வரைக்கும் தள்ளியது. அவமானம் தாங்காமல் மறுநாள் ஃபியட்டில் போனார். கேட்டில் செக்யூரிட்டி குழந்தைவேல் தடியை நீட்டினார்.

"ஒருத்தருக்கு ஒரு பாஸ்தான் சார். ஃபியட்டுக்கு ரத்து பண்ணிட்டு மாரிஸுக்குக் குடுங்கன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? இனிமே மாத்தணும்னா அடுத்த வருஷந்தான். வெளியவும் நிறுத்தக் கூடாது."

வீட்டுக்குத் திரும்பி வந்து கத்தியதில் பக்கத்து குவார்ட்டர்ஸில் ஜன்னல்கள் திறந்தன.

"ஏமாத்திட்டியேடி!"

"படிச்சிப் பாருங்கன்னேனே." நாகம்மாள் புடவை மாற்றித் தயாராக இருந்தாள். கையில் லைசென்ஸ். "கத்திக்கினே இருந்தா ஷிஃப்டு சைரன் ஊதிடும். சாவியக் குடுங்க, கேட்டு வரைக்கும் நானே வுட்டுடறேன்."

வேறு வழி இல்லை. முதல் தடவையாகத் தன் ஃபியட்டின் இடது பக்கம் ஏறினார் சடையப்பன். இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து வைத்துக் கதவைச் சாத்தினார்.

"மெதுவா சாத்துங்க" என்றாள் நாகம்மாள்.