சோழர் காலத்து வாசல்

பொய் சொல்வதுகூடப் பெரிய தப்பில்லை. அதை நேரில் காட்டுகிறேன் என்று ஆளைக் கூட்டிக்கொண்டு போவதுதான் தப்பு. இதை நான் தொண்ணூற்று நாலில், கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கடிதம் எழுதும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் கற்றுக்கொண்டேன்.

இத்தாலியிலிருந்து பம்ப் வாங்க வரவிருந்தவருக்கு ஃபேக்ஸ் எழுதினேன். பாதித் தாள் காலியாக இருந்தது பொறுக்காமல், 'எங்கள் ஊர் பழம்பெரும் நகரம். கோட்டை வாசல்கள், மாளிகைகள், தோட்டங்கள் நிறைந்தது' என்று சேர்த்துவிட்டேன். (கோட்டைமேடு என்று பேர் இருக்கிறது. கோட்டை எப்போதோ போய்விட்டது.) மனிதர் வந்து இறங்கியதும் பம்பைக் கேட்கவில்லை, வாசலைத்தான் கேட்டார்.

முதலாளி என்னைத் தனியாக அழைத்தார்.

"கூட்டிப்போய்க் காட்டிப்போட்டு வந்துருங்க கண்ணு. ஆர்டர் போச்சுன்னா, உங்கூரு அன்னூருக்கே போயித் தோட்டம் பாருங்க."

கோபத்திலும் அவருக்கு 'ங்க' குறையாது. அதனாலேயே நான் உடனே காரை வரச் சொன்னேன்.

மாளிகைக்கு, ரேஸ்கோர்ஸில் ஒரு மில் அதிபரின் பங்களாவை கேட்டுக்கு வெளியே நின்று காட்டினேன். தோட்டத்துக்கு, அதே பங்களாவின் குரோட்டன்ஸ். வாசலுக்கு எங்கே போவது? உக்கடம் குளம்வரை கார் வந்துவிட்டது. "வாசல் எங்கே?" என்று மூன்றாம் முறை கேட்டார். (முதல் இரண்டு முறையும் அவருடைய ஆங்கிலம் புரியாததுபோல் சமாளித்திருந்தேன்.)

டிரைவர் ரங்கசாமி அண்ணன் காரைத் திருப்பினார். "பொருட்காட்சி மைதானத்துல ஒண்ணு நிக்குதுங்க. பேசாம வாங்க."

நின்றது. இரண்டு கோபுரம், நடுவில் வளைவு, அசல் கருங்கல் நிறம். இத்தாலிக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. அத்தோடு நான் விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"சோழர் காலம்" என்றேன்.

அவர் பக்தியோடு கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்தார். கருங்கல் பெயிண்ட் அடித்த சாக்குத்துணி உள்ளே போனது. சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க, சாயாதீங்க! இன்னும் காயலீங்க!"

அவர் துள்ளித் திரும்பினார். வெள்ளைக் கோட்டின் முதுகு முழுக்கச் சோழர் காலம். விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உள்ளே இருப்பவர் என்ன சொல்கிறார்?"

என் வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டு, முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டு காரில் ஏறினார்.

"வாசல் எங்கள் ஊரிலேயே நிறைய இருக்கிறது. பம்பாவது நிஜமா?"

பம்ப் நிஜம். ஆர்டரும் கிடைத்தது. முதலாளி மட்டும், "இனி நீங்க காயிதம் எழுத வேண்டாமுங்க கண்ணு" என்று என்னை, பம்பைத் தண்ணீரில் ஓட்டிப் பார்க்கும் டெஸ்டிங்குக்கு மாற்றிவிட்டார். இருபது வருஷம் அங்கேயே நனைந்தேன்.

போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க குடும்பம் அந்தக் காலத்துலயே..." என்று ஆரம்பித்தேன். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏனுங்க, அது காஞ்சுபோச்சுங்களா?"