மேசைக்கு இடம் விடாத வலைக்கதவு

திருக்கோணமலை,
4.10.1961

சேசு மரி சூசை துணை.

அன்பு மகன் வின்சன்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் தங்கச்சி சீலாவும் மருமகன் பேணாட்டும் சுகம். என் நெற்றி மட்டும் சுகமில்லை. நீயும் இன்பமலரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நெற்றி வீங்கியதற்குக் காரணம் நீ.

திறந்த கதவைத் தானே இழுத்துச் சாத்தும் என்று கொழும்பிலிருந்து ஸ்பிரிங் வைத்த பிணைச்சல் அனுப்பினாயே, அதைத்தான் சொல்கிறேன். வெள்ளைக்கார நேவி போகும்போது ஏலத்தில் எடுத்த வலைக்கதவு இவ்வளவு காலமும் கோழிக்கூட்டுக்கு மேலே ஒருவருக்கும் கெடுதல் செய்யாமல் கிடந்தது. உன் பார்சல் வந்ததுதான் தாமதம், அதை முன்வாசலில் பொருத்திப் பூட்டப்போகிறேன் என்று மருமகன் ஒற்றைக்காலில் நின்றார். தச்சனைக் கூப்பிடுவோம் என்றேன். "மாமி, டொக்யாட்டிலை கப்பல் கதவுக்கே பிணைச்சல் போடுறவன் நான். இதுவும் ஒரு கதவோ?" என்றார். போட்டார். ஸ்பிரிங்கை மாறிப் போட்டதில் கதவு தானாகத் திறந்து, வாருங்கோ வாருங்கோ என்று நின்றது. ஊர் நுளம்பெல்லாம் வந்து கடித்தது. பிறகு திருப்பிப் போட்டார். இனி ஒரு நுளம்பும் உள்ளே வராதாம். வந்தது எந்த வழியால் வெளியே போகும் என்று கேட்டேன். உள்ளே திறந்தால் கதிரையில் இடிக்கும் என்று வெளியே திறக்கத்தக்கதாகப் பூட்டியிருக்கிறார். மீன்கார முனாப் நானா படியில் நின்று பாரை மீனைத் தூக்கிக் காட்ட, சீலா உள்ளேயிருந்து கதவைத் தள்ள, மீன் போய்க் கிணற்றடியில் விழுந்தது. "செத்த மீனுக்கும் அடியோ தங்கச்சி?" என்று நானா கேட்டார். மற்ற நாள் நான் பூசை கண்டுவிட்டு வந்து படியேற, அதே கதவு என் நெற்றியில்.

அடியைப் பொறுப்பேன் மகன். பொறுக்க ஏலாதது வேறு. வருகிற ஞாயிறு மாதா சுரூபம் எங்கள் வீட்டுக்கு வருகிறது. செபமாலை மாதத்தில் முந்தின வீட்டுக்காரி சுரூபத்தைக் கையில் ஏந்திவந்து அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுப்பது உனக்குத் தெரியும். எங்களுக்கு முந்தின வீடு உன் மக்டலின் மாமி வீடு. உன் அப்பாவின் தங்கச்சி என்பதற்காக நான் மறந்துவிடுவேனா? சீலாவின் கலியாணப் பந்தலில், சுவாமியாருக்குக் கேட்கத்தக்கதாக, "மச்சாள், இறைச்சிக்கு உப்புக் காணாது" என்றவள். வாய்க்குக் கொண்டுபோன கையைச் சுவாமியார் கீழே இறக்கினார், நான் கண்டேன். அன்றோடு அவளும் நானும் கதைபேச்சில்லை. அதனால்தான் வருஷா வருஷம் படியில் சின்ன மேசை வைத்து வெள்ளை விரிக்கிறேன். அவள் சுரூபத்தை மேசையில் வைத்துவிட்டு விலகுவாள், விலகின பிறகு நான் எடுப்பேன். மாதாவுக்கும் குறைவில்லை, எனக்கும் குறைவில்லை. இப்போது இந்தக் கதவு படி முழுவதையும் வழித்துக்கொண்டு திறக்கிறது, மேசை வைக்க ஒரு சாண் இடமில்லை. பிடித்துக்கொண்டு நிற்க ஆளில்லாவிட்டால் சாத்தியும்விடும். பிடிக்க வேண்டியவள் வீட்டுக்காரி. மக்டலின் ராணி மாதிரி உள்ளே வர, நான் கதவு பிடிக்கிற வேலைக்காரியோ? மருமகனிடம் முறையிட்டால், "வலைக்கதவுதானே மாமி, அவ அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம், கதைக்காமலே ஆளையாள் பாத்துக்கொள்ளலாம்" என்று சிரிக்கிறார்.

ஆகையால் இது கண்டதும் பிணைச்சலைக் கழற்றச் சொல்லி அவருக்குத் தந்தி அடி. என் சொல் எடுபடாது, மச்சான் நீ சொன்னால் கேட்பார். இல்லையோ, சனியன்று நான் புல்மோட்டையில் யேசுரட்ணம் மாமா வீட்டுக்குப் பஸ் ஏறுவேன். மாதா வரும்போது வீட்டில் ஆளில்லை என்ற பழி உன் பிணைச்சலுக்கு.

பிள்ளைகளைச் செபமாலை சொல்லாமல் படுக்க விடாதே. இன்பமலருக்கும் எல்லோருக்கும் என் ஆசீர்.

நெற்றியில் எண்ணெயோடு,
உன் அம்மா
பாக்கியரத்தினம்

பி.கு: தபாலில் போடக் கொடுத்த இந்தக் கடிதம் இத்தனை நாளும் மருமகனின் சட்டைப் பையில் கிடந்திருக்கிறது. ஒட்டினதைப் பிரித்து எழுதுகிறேன். தந்தி அடிக்காதே. பஸ்ஸும் ஏறவில்லை, மாதா வரும்போது நான் போவேனா? நேற்று உள்ளே நின்று கையை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மற்றப் பக்கம் வைத்திருந்தேன். மக்டலின் படி கடக்கும்போது கை வழுக்கிவிட்டது. வேண்டுமென்று இல்லை, மாதா அறிவா. கதவு அவளின் பின்பக்கம் அறைந்ததில் சுரூபத்தோடு என்மேல் வந்து விழுந்தாள். "மச்சாள், மாதாவை விட்டிராதையுங்கோ!" என்றாள். "நான் பிடிச்சிட்டன், நீங்கள் விடாதையுங்கோ!" என்றேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை வெளியே நின்ற சனமெல்லாம் வலைக்கு ஊடாகப் பார்த்தது. செபம் முடிய அவள் குசினிக்குள் வந்து நான் அவித்த கடலையை அள்ளி வாயில் போட்டு, "உப்பு அளவு மச்சாள்" என்றாள். பிணைச்சலை ஒருவரும் தொடக்கூடாது. குசினிக் கதவுக்கும் அதே மாதிரி ஒரு சோடி அனுப்பு, இனி அவள் அந்த வழியால்தான் வருவாளாம். ஆனால் ஒன்று. உப்பு அளவு என்று எனக்கு மட்டும்தான் கேட்கத்தக்கதாகச் சொன்னாள். சுவாமியார் முன்னறையில்தான் இருந்தார். அதை நான் மறக்கமாட்டேன்.