ட்ரையாங்கிள் மாப்பிள்ளை

தன் காதை முழுதாக நம்புகிறவனைக் கடவுளே நேரில் வந்தாலும் காப்பாற்ற முடியாது. கடவுள் பேசி முடித்ததும் 'ரெக்கார்டிங் சரியில்லை' என்று சொல்லிவிடுவான். பொதுவாகச் சொல்வதுபோல் ஆரம்பித்தாலும் நான் சொல்வது என்னைப் பற்றித்தான்.

எனக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடித்தால் சம்பளம். காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறிய பிறகும் அந்தப் புத்தி என்னோடு ஏறிவிடும். வீட்டில் அதற்குத் தீனி என் இசைத்தட்டுகள். பாட்டுகளைச் சேர்க்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள். நான் சேர்ப்பது பின்னணி இசை. கதாநாயகி மாடிப்படி ஏறும்போது பின்னால் ஒரு புல்லாங்குழல் கேட்குமே, அது. இப்படி ஒரு பைத்தியம் உலகத்திலேயே தன் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று என் மனைவி ஸ்டெல்லா நம்பியிருந்தாள். ஒரு வாட்ஸ்அப் குழு நிறைய அதே ஆட்கள் இருப்பது தெரிந்த பிறகு அவள் கவலை இன்னும் கூடியது.

எங்கள் குழுவுக்குப் படியளக்கிறவர் வரதன் சார். சென்னையில் இருக்கிறார். பழைய படங்களின் பின்னணி இசை நாடாக்களை எங்கிருந்தாவது தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, இசைத்தட்டாக வெளியிடுவார். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் அதிலிருந்து சில விநாடிகள் மட்டும் குழுவில் போடுவார். எந்தப் படம் என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் அன்றைக்குத்தான். எதிரொலியை வைத்து ஸ்டூடியோவைச் சொல்வோம், இரைச்சலை வைத்து வருஷத்தைச் சொல்வோம். ஒருமுறை நான் நாய் குரைத்ததை வைத்தே படத்தைச் சொன்னேன். (நாய் படத்தில் கிடையாது. ஸ்டூடியோ வாசலில் கட்டியிருந்தது.) அன்றிலிருந்து குழுவில் எனக்குக் 'காஞ்சிக் காது' என்று பட்டப்பெயர். வேறு எந்தப் பட்டமும் வாங்காத எனக்கு அது தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சென்ற வருஷம் வரதன் சார் ஒரு குண்டைப் போட்டார். அடுத்த தட்டைச் சரியாக முதலில் சொல்கிறவருக்கு முதல் பிரதி பரிசு. அதில் இசையமைப்பாளரின் கையெழுத்து இருக்கும். நாங்கள் அவரை மாஸ்டர் என்போம். மாஸ்டர் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடுகிற ரகம் அல்ல, காசோலைக்கே யோசித்துத்தான் போடுவார் என்று பேச்சு. ஓர் ஆளுக்கு ஒரு பதில், குழுவில் இல்லாதவர்களும் கலந்துகொள்ளலாம் என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த முதல் பிரதி என் அலமாரிக்கு வந்தே தீர வேண்டும்.

அவர் போட்டது இதுதான்: பெண் குழந்தைகள் சேர்ந்து வாய் திறக்காமல் ஒரு ராகத்தை முனகுகிறார்கள். முனகல் அடங்கும்போது 'டிங்' என்று மெல்லிய ஒரு சத்தம். அவ்வளவே.

அந்த டிங் எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது. ஒருவர் ஜலதரங்கம் என்றார், இன்னொருவர் பூஜை மணி என்றார். என் நிரந்தரப் போட்டியாளர் சேலம் குமார், யாரோ டம்ளரைத் தட்டிவிட்டார்கள் என்றார். நான் இரண்டு நாள் லீவு போட்டு, ஹெட்போன் மாட்டி, வேகத்தைக் குறைத்துக் குறைத்துக் கேட்டுத் தீர்ப்பு வழங்கினேன். அது ட்ரையாங்கிள். முக்கோணக் கம்பியைத் தொங்கவிட்டுத் தட்டுவார்களே, அது. மாஸ்டர் தம் வாழ்நாளில் ட்ரையாங்கிளைப் பயன்படுத்தியது படகு வருகிற ஒரே ஒரு படத்தில். ஆகவே இது படகுப் படம். இதைப் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, கட்டுரையாக எழுதிக் குழுவில் இட்டேன். பாதிப் பேர் தங்கள் பதிலையும் படகுப் படம் என்றே அனுப்பினார்கள். முதலில் அனுப்பியவன் நான் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து என் மாமியார் வந்தார். பெயர் ரோஸ்மேரி, ஓரிக்கையில் வீடு, அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். காஞ்சிபுரத்தில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர் என்பதால் யாரைக் கண்டும் அவருக்கு அச்சம் கிடையாது. சிறுமியாக இருந்தபோது சர்ச் பாடகர் குழுவோடு மெட்ராஸ் போய் ஒரு படத்துக்குப் பாடியதாக ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் சொல்வார். லைட்ஹவுஸ் வருகிற படம். கல்யாணமான புதிதில் நான் அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பிடித்து, முதலிலிருந்து கடைசிவரை பார்த்து, அதில் அப்படி எதுவும் இல்லை என்று குடும்பத்தின் முன்னால் அறிவித்திருந்தேன். இணையத்தில் கிடைத்த பிரதியில் லைட்ஹவுஸ் ஏறும் காட்சியே கிடையாது. (வெட்டியிருப்பார்கள் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தோன்றும். நிபுணனுக்குத் தோன்றாது.)

நான் அந்த முனகலை மறுபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். அத்தை செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு, அந்த இசைத் துண்டு முடிந்த இடத்திலிருந்து அவரே முனக ஆரம்பித்தார். ஆராய்ச்சி நடக்கிறது, கொஞ்சம் அமைதியாக இருங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

"இன்னா ஆராய்ச்சி மாப்ள? இது நாங்க பாடனது. அந்தப் பொண்ணு லைட்ஹவுஸ் மேல ஏறிக்கினே இருப்பா இல்ல, அப்ப வரும்."

"அத்தை, இது படகுப் படம். கடைசியில ட்ரையாங்கிள் வருது பாருங்க."

"அது ட்ரையாங்கிளு இல்லபா. என் வளையலு."

நான் சிரித்தேன். சத்தமாகச் சிரிக்கவில்லை, மரியாதை தெரிந்தவன். உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் அதிர்வு எப்படி மாறும் என்று வரைபடத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினேன். அத்தையும் முழுதாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், நீங்கள் கம்ப்யூட்டரில் தேடுங்கள், எனக்குத் தொண்டையிலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டெல்லா ஏதோ குசுகுசுவென்று பேசியதை நான் கவனிக்கவில்லை. என் காதுகள் ஹெட்போனுக்குள் இருந்தன.

வரதன் சார் தம் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க எப்படியும் காஞ்சிபுரம் வருவதாக இருந்தது. விடுவேனா? முடிவை எங்கள் ஊரிலேயே அறிவியுங்கள், குழு நண்பர்களையும் கூப்பிடுகிறேன், செலவு என்னுடையது என்றேன். பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் ஓட்டல் மாடி ஹாலைப் பிடித்தேன். மந்தாரை இலை மணக்க மணக்கக் கோயில் இட்லிக்குச் சொன்னேன். பெரிய ஸ்பீக்கர் ஒன்றை இரவல் வாங்கி வைத்தேன். இதோடு நின்றிருக்கலாம். எனக்கு நானே ஒரு பொன்னாடையும் வாங்கி, வெற்றி அறிவித்துக் கைதட்டல் கேட்டதும் எனக்குப் போர்த்திவிட வேண்டும் என்று சேலம் குமாரிடமே கொடுத்தேன். போட்டியாளர் கையால் போர்த்திக்கொள்வதில் ஒரு தனிச் சுகம் உண்டு என்று அப்போது நினைத்தேன்.

அத்தை முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். நல்ல அரக்குப் பட்டு, தலையில் பூ. மருமகன் பரிசு வாங்குவதைப் பார்க்க இவ்வளவு அலங்காரமா என்று எனக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

நான் வரவேற்புரை ஆற்றினேன். 'கேட்பது வேறு, கவனிப்பது வேறு' என்று ஆரம்பித்து நீண்ட நேரம் பேசினேன். பிறகு வரதன் சார் மைக்கைப் பிடித்தார். பலரும் ஒரே படத்தைச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குக் காரணம் நம் காஞ்சிக் காது என்றார். நான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஆனால் விடை அதுவல்ல, லைட்ஹவுஸ் படம் என்றார்.

எழுந்தவன் சும்மா உட்கார முடியுமா? நேரே சுவர்வரை போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு, அதற்காகத்தான் எழுந்தேன் என்பதுபோல் நின்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டதும் சேலம் குமார் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தார். பொன்னாடையோடு சுவரோரம் நின்றேன்.

சரியாகச் சொன்னது ஒரே ஒருவர், அவர் குரலிலேயே கேளுங்கள் என்று வரதன் சார் தம் போனை நான் இரவல் வாங்கிய ஸ்பீக்கரில் இணைத்தார்.

"வணக்கம் சார். நான் ரோஸ்மேரி, ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸு, ஓரிக்கை. நீங்க போட்டது லைட்ஹவுஸ் படம். கடைசியில டிங்குனு வர்றது வாத்தியம் இல்ல சார், என் வளையலு. கழட்டச் சொன்னாங்க. மொத நாளுதான் சோப்பு போட்டு ஏத்தனது, வர்ல. கைக்குட்டய சுத்திக்கினு பாடனேன், நடுவுல அவுந்துக்கிச்சி. எங்க மாப்ள அத ட்ரையாங்கிளுனு சொல்லிக்கினு இருக்காரு. தங்கமான மனுஷன் சார். காதுல அழுக்கு இருக்கும்போல, ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வரமாட்றாரு."

ஹாலே குலுங்கியது. சேலம் குமாருக்கு இட்லி புரையேறி, யாரோ தலையில் தட்டினார்கள். நான் சுவருக்குள் புகுந்துகொள்ள வழி இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஆனால் செய்தி முடியவில்லை. அத்தை பாட ஆரம்பித்தார். எங்களுக்குக் கிடைத்த துண்டிலிருந்து தொடங்கி, அது முடிந்த இடத்தையும் தாண்டி, நாங்கள் யாருமே கேட்டிராத பகுதிக்குள் போனார். எங்கே மூச்சு எடுத்தார்களோ அங்கே மூச்சு, எங்கே இழுத்தார்களோ அங்கே இழுப்பு. சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. முழு நாடாவைக் கேட்டவர் அந்த ஹாலில் வரதன் சார் மட்டும்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஒரு சுரம் பிசகவில்லை என்றார்.

சுவருக்குள் வழி தேடுவதை நான் நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷம் எந்தெந்த ஊரிலோ, எந்தெந்தப் பழைய கடையிலோ நான் தேடிய சங்கதி வாராவாரம் என் வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது. எங்கள் அத்தை என்று அந்தக் கூட்டத்தின் முன்னால் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியும்விட்டேன். அப்புறம் பொன்னாடையை எடுத்துப் போய் அவருக்குப் போர்த்தினேன். அவர் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, பட்டு ஊரில் இருந்துகொண்டு பாலியஸ்டரா வாங்கினீர்கள் என்று காதோரம் கேட்டார்.

அத்தையின் குரலைப் பதிவு செய்து அனுப்பியவள் ஸ்டெல்லாதான், நீ செய்தது துரோகம் என்று அவளிடம் சொன்னேன்.

"ஓர் ஆளுக்கு ஒரு பதில்னு உங்க வரதன் சார்தானே சொன்னாரு. எங்கம்மாவும் ஒரு ஆளுதானே?" என்றாள்.

வரதன் சார் பரிசைப் பற்றி ஆரம்பித்ததும் அத்தை இடைமறித்தார். தட்டு இருக்கட்டும், அட்டை அச்சாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றார் அவர்.

"அப்ப எங்க பேரெல்லாம் போடுங்க சார். குழலு ஊதனவரு பேரு போடறீங்க, மேளம் அடிச்சவரு பேரு போடறீங்க. நாங்க காலையிலேருந்து பட்டினியா நின்னு பாடனோம். அதுல ரெண்டு பேரு இப்ப இல்ல. அவங்க புள்ளைங்களுக்குத் தெரியட்டும்."

கூடப் பாடிய அத்தனை பேரையும் அங்கேயே சொன்னார். யார் வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டாள், யார் பிள்ளை டீச்சராக இருக்கிறான் என்பதுவரை சொன்னார். தட்டச்சு செய்தவன் நான். ஓர் எழுத்துப் பிழைகூட விடாமல் செய்தேன், அது என் தொழில்.

தட்டு வந்தபோது அட்டையின் பின்பக்கம் எல்லாப் பெயர்களும் இருந்தன. வாத்தியக் கலைஞர்கள் என்ற தலைப்பின் கீழே, புல்லாங்குழல், வயலினுக்கு அப்புறம் ஒரு வரி: 'வளையல் – ரோஸ்மேரி, காஞ்சிபுரம்'. மாஸ்டரே சேர்க்கச் சொன்னாராம். இந்த வரியை நான் தொழிற்சாலை பஸ்ஸில் எல்லோருக்கும் காட்டினேன். டிரைவருக்கு இரண்டு முறை காட்டினேன்.

முதல் பிரதி ஓரிக்கையில் அத்தையின் பீரோவில், சேலைகளுக்கு நடுவே இருக்கிறது. அவரிடம் தட்டு ஓட்டும் கருவி கிடையாது, என்னிடம் அந்தத் தட்டு கிடையாது. கடையில் விற்ற பிரதி ஒன்றை நானும் வாங்கியிருக்கிறேன்தான், ஆனால் அதில் மாஸ்டர் கையெழுத்து இல்லையே. எனவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு வருவார், நான் ஓட்டுவேன், கேட்டுவிட்டு மறுபடி துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். இங்கேயே வைத்துவிட்டுப் போங்களேன் என்றால், காதைக் காட்டிவிட்டு வாருங்கள், பார்க்கலாம் என்பார்.

சொந்தக்காரர்கள் மத்தியில் என் சொந்தப் பெயர் ஒழிந்தே போனது. போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில் அறிமுகமே இல்லாத ஒரு பெரியவர் வந்து, நீங்கள்தானே ட்ரையாங்கிள் மாப்பிள்ளை என்று கேட்டுக் கைகுலுக்கினார். ஆமாம் என்றேன், நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற அத்தை அவரிடம், அன்றைக்குத் தம் கையில் இருந்தது ஒற்றை வளையல் அல்ல என்று ஆரம்பித்தார்.

"தட்டோட ரெண்டாவது பக்கத்துலயும் ஒரு எடத்துல டிங்குனு கேக்கும். எங்க மாப்ள இன்னும் கண்டுபுடிக்கல."

அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.