கையைக் கட்டிக்கொண்டு

லிஃப்ட் மெக்கானிக் செய்தது அப்படியொன்றும் பெரிய பாவமில்லை. மகளின் வகுப்பறையில், மேசை மேல் இருந்த சின்னக் கண்ணாடி ஜக்கைச் சுண்டுவிரலால் லேசாக மகள் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான். ஜக் தட்டின் விளிம்பில் தடுக்கி அவர் பக்கமே சாய்ந்தது. தண்ணீர் மொத்தமும் அவர் மடியில் இறங்கி, அங்கிருந்து தரைக்குப் போனது.

எதிரே நின்ற நாலு வயது மகள், வீட்டிலும் பள்ளியிலும் எல்லோருக்கும் பொடிசு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தாள்.

பள்ளி வாசலிலேயே டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "அவ இஷ்டப்பட்ட வேலைய அவளே எடுத்துக்குவா. நீங்க உக்காந்து பாருங்க. நடுவுல பூந்து எதையும் செஞ்சு குடுத்துடாதீங்க. இன்னிக்கு எப்படிப் பண்றான்னு பாத்துதான் பெரிய பசங்க இருக்கிற பெரிய ரூமுக்கு அனுப்பணும்."

வீட்டில் மனைவியும் அதையே வேறு ராகத்தில் பாடியிருந்தாள். "ஏங்க, அவ கூடச் சேந்ததுங்க எல்லாம் பெரிய ரூமுக்குப் போயாச்சு. ஷூ மாட்டி விடறதும் நீங்க, ஊட்டி விடறதும் நீங்க. இன்னிக்காவது கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க. இதுவும் போச்சுன்னா உங்களாலதான்."

அவரும் உட்காரத்தான் செய்தார். உள்ளே நுழைந்ததுமே அசந்து போனவர்தானே. அவர் முழங்கால் உயரத்துக்கு ஒரு வாஷ்பேசின். ஒரு வாண்டு பழம் நறுக்கியது, நிஜக் கத்தியால். இன்னொன்று தன் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டியது. யாரும் ஓடிப்போய்ப் போட்டுவிடவில்லை. கடைசியில் அதுவே போட்டுக்கொண்டது. இத்தனை உருப்படிகள் இருந்தும் அறையில் சந்தைக்கடைச் சத்தம் இல்லை. எத்தனையோ மாடி லிஃப்ட்டுகளின் வயிற்றுக்குள் புகுந்து பார்த்த மனுஷன், இவ்வளவு சத்தமில்லாமல் ஓடுகிற ஒன்றைப் பார்த்ததே இல்லை.

பொடிசு தட்டைத் தூக்கி வந்தாள். ஒரு ஜக், ஒரு கோப்பை. சொட்டுச் சிந்தாமல் கோப்பையில் ஊற்றினாள். திரும்ப ஜக்கிலேயே ஊற்றினாள். அவருக்குப் புல்லரித்தது. வீட்டில் ஒரு டம்ளரைக்கூட அவளை நம்பிக் கொடுத்ததில்லையே. பிறகு ஜக்கை அவர் பக்கமாக வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நின்றவள் நின்றவள்தான்.

பாவம், மிச்சத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். சுண்டுவிரல் அதனால்தான் நீண்டது.

இப்போது துணி தேடி எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. வாண்டுகளுக்குச் செய்த நாற்காலி, அவர் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதை உதறித் திரும்பியதில் நாற்காலிக் கால் அலமாரியை இடித்தது. பாசிமணிக் கிண்ணங்கள் கவிழ்ந்தன. மணிகள் அறை முழுக்க உருண்டோடின.

மணியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தண்ணீர் என்று கொடியில் தொங்கிய துணியை உருவித் தேய்த்தார். அது பெயிண்ட் துடைக்கிற துணி. தேய்க்கத் தேய்க்கத் தரை நீலமானது, அவர் முழங்கை நீலமானது, வியர்வையைத் துடைத்ததில் மூக்கும் நீலமானது.

வாண்டுகள் ஒவ்வொன்றாக வந்து சுற்றி நின்றன. எல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை, ஒன்றுகூடச் சிரிக்கவும் இல்லை. முன்பல் விழுந்த ஒரு பெண் மட்டும் பொடிசுவின் காதில் ஏதோ சொன்னாள். பொடிசு வேண்டாமென்று தலையாட்டினாள்.

தூரத்தில் டீச்சர் பார்த்துக்கொண்டேயிருந்தார். மெக்கானிக் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. மகளின் பெரிய ரூமைத் தன் கையாலேயே கெடுத்தாயிற்று. நீலத் தண்ணீரில் அப்படியே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பொடிசு, அப்பாவுக்குத் தெரியலடா. எப்படின்னு சொல்லேன்."

அதற்குத்தான் காத்திருந்தவள் மாதிரி பொடிசு போனாள். காய்ந்த துணியும் ஒரு குட்டி வாளியும் கொண்டு வந்தாள். துணியை மடித்தாள், ஈரத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்தாள், வாளியில் பிழிந்தாள். அந்தப் பிஞ்சு விரல்களுக்கு இவ்வளவு தெரியும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? பெற்ற மகளை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

துணியை அவரிடம் நீட்டினாள். அவர் தப்பாகப் பிழிந்தார். அவளுடைய கை பாதிதூரம் முன்னால் வந்தது. பிறகு மெல்லத் திரும்பிப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. அவர் அந்தக் கையையே பார்த்தார். நாலு வருஷமாக இதைத்தான் தன்னால் ஒரு தடவைகூடச் செய்ய முடியவில்லை.

தரை சுத்தமானது. எல்லோரும் சேர்ந்து மணிகளைப் பொறுக்கினார்கள். பொடிசு ஜக்கை நிரப்பி, மறுபடியும் அவர் பக்கமாகவே வைத்தாள். அவள் மனம் கோணக்கூடாதே என்று அவரே எடுத்துக் கோப்பையில் ஊற்றினார். சொட்டுச் சிந்தவில்லை. பொடிசு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

டீச்சர் எழுந்து வந்தார். "நாளையிலேந்து பொடிசு பெரிய ரூம்."

மெக்கானிக் நீல மூக்கோடு விழித்தார். "எப்படி டீச்சர்? அவ பாதியில நின்னுட்டாளே. கொட்டினது, கவுத்தது, தொடச்சது எல்லாம் நான்தானே."

முன்பல் விழுந்த பெண் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரிய ரூமுக்குப் போகணும்னா ஒண்ணும் தெரியாத ஒருத்தருக்கு ஒரு வேலை கத்துக்குடுக்கணும் மாமா, ரொம்பக் கஷ்டம், வேற யாராவது சின்னப் பாப்பாவாப் பாத்து எடுத்துக்கோன்னு நாங்க எவ்வளவோ சொன்னோம், பொடிசுதான் கேக்காம உங்கள எடுத்துக்கிட்டா."